தந்தையார் பெயர் பொறித்த தொட்டி

1

எங்கள் குளியலறைச் சுவரில் ஒரு மணற்கடிகாரம் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் மணல் வடிந்து தீர்வதற்குள் நான் குளித்து முடித்துவிட வேண்டும். மெல்பர்ன் நகரில் சில ஆண்டுகளாக மழை பொய்த்துவிட்டது. தோட்டத்துக்கு எந்தக் கிழமையில் நீர் விடலாம், காரை எதைக் கொண்டு கழுவலாம் என்பதுவரை அரசு விதித்திருக்கிறது. காலடியில் வாளி ஒன்றை வைத்து, உடம்பிலிருந்து வழியும் நீரைப் பிடித்து ரோஜாச் செடிக்கு ஊற்றுகிறோம். அரசுக் கல்லூரியில் ஆயுள் முழுவதும் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவன், தன் குளியல் நீரைத் தானே தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு நடப்பதை ஊரில் எவரும் பார்க்கப் போவதில்லை என்ற ஆறுதல் எனக்கு இருந்தது. இப்போது நானே எழுதிவிட்டேன்.

மகனோடு இங்கே வந்து சேர்ந்தபோது முதல் இடையூறு பெயரில்தான் தொடங்கியது. கடவுச்சீட்டில் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் தந்தையார் முனிரத்தினத்தின் பெயரை எழுதினேன். மகனும் அதையே எழுதினான். ஆகவே இங்கே பள்ளிக்குச் செல்லும் என் பேத்தி, ரம்யா முனிரத்தினம். அவள் தன் கொள்ளுத்தாத்தாவைப் பார்த்ததில்லை. அந்தப் பெயரை மட்டும் வெள்ளைக்கார ஆசிரியைகள் நாக்கைச் சுழற்றிச் சுழற்றி உச்சரிக்கப் பழகியிருக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

பெயரைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். தந்தையாரின் சென்ற நினைவு நாளில் நடந்ததைச் சொல்ல வேண்டுமானால், பெயரிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

2

கிருஷ்ணகிரிப் பக்கம், குருபரப்பள்ளியிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். தந்தையார் மறைந்தபின் நானும் தம்பி கோவிந்தனும் ஊருக்கு ஓர் ஆழ்துளைக் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்துக் கொடுத்தோம். முகப்பில் அவர் பெயரைச் சிமெண்டிலேயே எழுத்தாக எழுப்பச் செய்தவன் நான். பெயிண்ட் மங்கும், சிமெண்ட் மங்காது என்று கொத்தனாரிடம் சொன்னது நினைவிருக்கிறது. ஆண்டுதோறும் நினைவு நாளில் தம்பி தொட்டியைக் கழுவி, மாலை சாத்தி, அந்தத் தண்ணீரிலேயே பொங்கல் வைத்துப் பால்வாடிக் குழந்தைகளுக்கு இலை போட்டுப் பரிமாறுவான். நான் இங்கிருந்து தொலைபேசியில் விசாரிப்பேன்.

இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் ஏரிக்கரைக்குப் பின்னால் முலாம் பூசும் பட்டறைகள் வந்தன. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகங்களைப் பளபளப்பாக்கி அனுப்பும் தகரக் கொட்டகைகள். வேலை கிடைத்தது, எவரும் மறுக்கவில்லை. பிறகு தண்ணீர் மாறியது. முதலில் என்னிடம் சொன்னவள் தம்பியின் மகள் மல்லிகா. கிருஷ்ணகிரியில் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள்.

"வாளியில புடிச்சா சில நாளு மஞ்சத்தூள் கரைச்ச மாதிரி இருக்குது பெரியப்பா, சில நாளு தெளிஞ்சி வருது. அம்மா புளி போட்டு வெளக்கனாலும் சொம்புல கறை போவல. கீழத்தெருவுல புள்ளைங்க கைகால சொறிஞ்சிக்கிட்டே கெடக்குது."

நான் அவளுக்குச் சொன்ன அறிவுரை, பெண் பிள்ளை இதில் முன்னால் நிற்க வேண்டாம் என்பதுதான். அவள் கேட்கவில்லை. ஊர்ப் பையன்கள், பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு பஞ்சாயத்தில் பேசித் தொட்டியை மூட வைத்தாள். திங்கட்கிழமை மனு நாளில் ஆட்சியர் அலுவலகம் போய் வரிசையில் நின்றாள். சோதனை முடிவு இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்களாம். அவள் கல்லூரி ஆய்வகம் சோதித்துத் தர ஒப்புக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் பாட்டில்களோடு, சொந்தமாக ஆழ்துளைக் கிணறு உள்ள எங்கள் மேலத்தெருவில் வீடு வீடாகப் போனார்கள். கீழத்தெருவுக்குத் தொட்டி ஒன்றுதான். வாசலில் நின்று, "உங்க போர்த் தண்ணி ஒரு பாட்டில் குடுங்கம்மா" என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பிறர் வீட்டுப் புழக்கடைக்குள் நுழைந்து தானே மோந்துகொள்ளும் வழக்கம் கிடையாது. அதிலும் எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெரு வீட்டுக்குள் நுழைவது என்ற கணக்கு வேறு. வாசலில் கேட்பார்கள், உள்ளிருந்து வரும்.

முடிவு வந்ததும் மல்லிகா என்னை அழைத்தாள். குரல் தளர்ந்திருந்தது.

"எல்லா பாட்டிலும் நல்ல தண்ணி பெரியப்பா. தொட்டித் தண்ணியும்தான். ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே இல்ல, ஒரே மாதிரி இருக்குதுன்னு சார் சொன்னாரு. நான்தான் ஊரையே பயமுறுத்திட்டன்."

எனக்கு உள்ளூர நிம்மதி. தந்தையார் பெயருக்குக் களங்கம் இல்லை. இங்கே ஞாயிறு தமிழ்ச் சங்கத்தில்கூட நான்கு பேரிடம் சொன்னேன். ஊரிலோ அவளைப் பேருந்து நிறுத்தத்தில் பையன்கள் தண்ணீரைத் தெலுங்கில் சொல்லி வரவேற்றார்களாம்: "நீள்ளு டாக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாம் நாக்க நீட்டுங்கடா!" பட்டறைக்காரர் ஒருவர் காரில் வந்து, இளைஞர்களுக்குக் கிரிக்கெட் மட்டையும் பந்தும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். தொட்டியை மறுபடி திறப்பதற்கு நல்ல நாள் எது என்று யோசித்து, தந்தையாரின் நினைவு நாளையே கோவிந்தன் குறித்தான்.

3

அன்று காலை இங்கே நான் எள்ளும் தண்ணீரும் இறைத்து, தந்தையாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தேன். பிற்பகலில் ரம்யா பள்ளியிலிருந்து வந்தாள். இந்தப் பகுதியின் ஓடைகளையும் வீட்டுத் தொட்டிகளையும் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே சோதிக்கிறார்கள். மருந்துக் குப்பி போன்ற ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தாள். அதில் 'முனிரத்தினம்' என்று ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டியிருந்தது.

"தாத்தா, நம்ம டேங்க் தண்ணி வேணும். நாளைக்கு ஸ்கூல்ல தண்ணிக்குப் பரீட்சை வைக்கப் போறோம்."

"தண்ணிக்குப் பரீட்சையா? பாஸ் பண்ணுமா?"

"ஃபெயில் ஆனா இன்னும் நல்லது. ஏன்னு கண்டுபிடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு உடை மாற்றப் போனாள்.

வீட்டின் பின்புறம் மகன் வைத்த பச்சை நிற மழைநீர்த் தொட்டி இருக்கிறது. நகராட்சியின் மானியம் பெறக் கூரையின் படம், ரசீது, குழாய்க்காரரின் சான்று என மூன்று முறை திருப்பியனுப்பப்பட்டு நிறைவேறிய தொட்டி. அதிலிருந்து நீர் பிடிக்க நான் எழுந்தபோது, சமையலறையில் என் மனைவி அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, கடையில் வாங்கிய குடிநீரை அதில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யறே?"

"சத்தம் போடாதீங்க, புள்ள கேக்கப் போவுது" என்றாள். "அந்தத் தொட்டியில எல தழையெல்லாம் ஊறிக் கெடக்குது. கூரமேல காக்கா எச்சம். அதப் புடிச்சு அனுப்பனா, இன்னாரு ஊட்டுத் தண்ணி நாத்தம்னு பள்ளிக்கூடம் பூரா தெரியாதா? அதுவும் மாமனாரு பேர எழுதி வச்சிருக்குது."

நான் சிரித்தேன். உரக்கவே சிரித்தேன். இதை மகனிடம் எப்படிச் சொல்லலாம் என்றுகூட மனத்தில் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தின் நடுவில் சிரிப்பு நின்றது.

ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை என்றாளே மல்லிகா. ஒரே மாதிரி.

எங்கள் ஊர்க் கிணறுகளை நான் அறிவேன். ஒன்று உப்பு, ஒன்று சப்பென்றிருக்கும், ஒன்றில் பருப்பு வேகாது. அவை ஒரே மாதிரி இருக்க வழியே இல்லை. ஒரே மாதிரி இருக்கக்கூடிய தண்ணீர் ஊரில் ஒன்றுதான். மேட்டில் எங்கள் மாந்தோப்புக் கிணறு. தண்ணீர் மஞ்சளானதிலிருந்து, மொபெட் வைத்திருக்கும் வீடுகள் எல்லாம் குடிப்பதற்கு அங்கிருந்துதான் குடம் கட்டிக் கொண்டுவந்தன.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஊரில் முற்பகல். பொங்கல் பானை அடுப்பில் ஏறியிருக்கும்.

4

தம்பி வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் தொட்டியருகே இருப்பார்கள். அழைப்பு அட்டையின் நீண்ட எண்களை மறுபடி அழுத்தினேன். விரல் தவறியது. மீண்டும் முதலிலிருந்து அழுத்தி, மல்லிகாவின் கைபேசியைப் பிடித்தேன். ஒலிபெருக்கிப் பாட்டும் குழந்தைகளின் இரைச்சலும் முதலில் வந்தன.

"பெரியப்பாவா? சத்தமா பேசுங்க, மைக்கு போட்டிருக்குது!"

"மல்லிகா, அன்னைக்குத் தொட்டித் தண்ணிய பாட்டில்ல புடிச்சது யாரு?"

"ரவியும் கீழத்தெரு சீனாவும். என்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"அவங்க கையாலயே புடிச்சாங்களா?"

"மோட்டார் ரூம் சாவி நம்ம ஊட்டுலதான கெடக்குது. அம்மாகிட்டக் கேட்டாங்க. அம்மா போயி புடிச்சாந்து குடுத்துச்சு."

 நான் எதையும் விளக்கவில்லை. சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. "இருங்க" என்று மட்டும் சொல்லித் தன் தாயிடம் கைபேசியைக் கொடுத்தாள்.

தம்பி மனைவி சாந்தா என் முன்னால் உட்கார்ந்துகூடப் பேசாதவள். "தொட்டியிலதான் மாமா புடிச்சன்" என்றாள்.

"சாந்தா, இன்னைக்கு அப்பாவோட நாள்."

 அவள் அழத் தொடங்கினாள். "மாமனாரு பேரு எழுதின தொட்டி மாமா. அதுல கெட்ட தண்ணின்னு சீட்டுல எழுதிக்கினு வரட்டும்னு உட்டுடுவனா? கொடத்துல தோப்புத் தண்ணி இருந்துச்சு, மோந்து ஊத்திட்டன். நா மட்டுமா? மேலத்தெரு பூராவும் அதத்தான் குடுத்துச்சு. தண்ணி கெட்ட ஊருன்னு பேரானா எவன் நம்மூட்டுல பொண்ணெடுப்பான்?"

அந்தப் பொங்கலுக்கு உட்காரப் போகும் பால்வாடிக் குழந்தைகள் கீழத்தெருப் பிள்ளைகள். எங்கள் தெருப் பிள்ளைகள் வேனில் மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் போகிறவர்கள். அவர்கள் பையில் தோப்புத் தண்ணீர் இருக்கும்.

அதற்குள் கோவிந்தன் கைபேசியை வாங்கியிருந்தான்.

"ஏண்ணா, கூட்டம் கூடியாச்சு. தலைவரு வந்துட்டாரு, பட்டறைக்காரரு வந்துட்டாரு. இப்ப நிறுத்தனா என்னான்னு சொல்றது? எம் பொண்டாட்டி பொய்த் தண்ணி குடுத்தான்னு மைக்குல சொல்லட்டுமா? அப்பா பேரு என்னாவறது? இன்னிக்கு ஒரு வேள தின்னா யாரும் செத்துட மாட்டாங்க. நாளைக்கு மெதுவா மூடிக்கலாம்."

நாளைக்கு. எங்கள் குடும்பத்தை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நாளை வந்திருக்காது. தந்தையார் பெயரில் திறந்த தொட்டியை மூட அவனுக்குக் கை வந்திருக்காது.  நான் வாயெடுப்பதற்குள் அழைப்பு அட்டையின் பதிவுக் குரல் குறுக்கிட்டு, பேச இன்னும் ஒரு நிமிடமே இருப்பதாக ஆங்கிலத்தில் அறிவித்தது.

மல்லிகா கைபேசியைப் பறித்திருக்க வேண்டும். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"பெரியப்பா, எல போட்டுட்டாங்க. பானைய எறக்கறாங்க. கவுத்துடட்டுமா?"

"கவுத்துடு" என்றேன்.

இணைப்பு அறுந்திருந்தது. நான் சொல்லும்போது அறுந்ததா, சொல்வதற்கு முன்பேயா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைத்தெருவில் இந்திய மளிகைக் கடைக்கு நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்காக. கடைக்காரர் குஜராத்தி. மூச்சிரைக்க நான் புது அழைப்பு அட்டை கேட்டதும், "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "தண்ணீர்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு பாட்டில் குடிநீரை எடுத்து என் முன் வைத்தார்.

திரும்பி வந்து எண்களை அழுத்தினேன். எதிர்முனையில் இப்போது பாட்டு இல்லை. தூரத்தில் சாந்தா அரற்றுவது கேட்டது. நல்ல நாளில் பொங்கல் மண்ணில் போயிற்றே, மாமனாருக்குப் படைத்தது போயிற்றே என்று.

"மல்லிகா, நான் சொன்னது கேட்டுச்சா?"

"என்னா சொன்னீங்க?" என்றாள். "ஒண்ணும் கேக்கல பெரியப்பா. ஃபோனு கட்டாயிடுச்சு." பிறகு, தாழ்ந்த குரலில், "கவுத்துட்டன். கையில ஆவி அடிச்சிடுச்சு, பரவால்ல. புள்ளைங்கதான் அழுவுது, பசிக்கு. ரவி பன்னு வாங்கப் போயிருக்கறான்."

5

அடுத்த வாரம் இளைஞர்கள் மறுபடி பாட்டில் எடுத்துப் போனார்கள். இம்முறை வாசலில் நிற்கவில்லை. கீழத்தெரு சீனா மேலத்தெருப் புழக்கடைகளுக்குள் போய், மோட்டாரைப் போடச் சொல்லித் தன் கையாலேயே பிடித்தான். முதல் வீடு எங்கள் வீடு. கோவிந்தன் கதவைத் திறந்துவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டானாம். முடிவு வந்தது. தொட்டித் தண்ணீரும் ஏரிப்பக்கத்து வீடுகளின் தண்ணீரும் குடிக்கத் தகாதவை. ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். அதிகாரி நேரில் வந்து நீர் எடுத்தால்தான் செல்லும் என்றிருக்கிறார்கள். ஊரார் அவர் வருகைக்குக் காத்திருக்கிறார்கள். அதுவரை பால்வாடிக்குத் தோப்புத் தண்ணீர் மொபெட்டில் போகிறது.

பட்டறைக்காரர் மீண்டும் காரில் வந்தார், இம்முறை தம்பி வீட்டுக்கே. கோபப்படவில்லை. காப்பி குடித்தார். போகும்போது தம்பியிடம், "மல்லிகா தங்கச்சி எந்த பஸ்ஸுல வருதுன்னு நமக்குத் தெரியுங்க. மழ காலத்துல எதுக்கு நிக்கணும்? நம்ம வண்டியிலயே கொண்டாந்து உட்டுடறோம்" என்றாராம்.

அந்த வாக்கியத்தை நான் பலவிதமாகப் படித்துப் பார்த்துவிட்டேன். எப்படிப் படித்தாலும் அது மிரட்டலாகவே படுகிறது. குழந்தைகள் இதுவரை குடித்தது எவ்வளவு, அது அவர்கள் உடம்பில் என்ன செய்யும் என்பதை எண்ணினால் வேறொரு பயம். இரண்டுக்கும் இங்கே மணற்கடிகாரத்தின் முன் நின்று நான் செய்யக்கூடியது எதுவுமில்லை.

ஒன்று மட்டும் என்னிடம் கேட்டார்கள். தொட்டியில் 'குடிக்காதீர்' என்று சிவப்பில் எழுத வேண்டும். முகப்பு முழுவதும் தந்தையார் பெயர் இருக்கிறது, வேறு இடமில்லை. "தாத்தா பேரு மேலயே எழுதிக்கலாமா பெரியப்பா? அப்பா உங்களக் கேக்கச் சொல்றாரு" என்றாள் மல்லிகா. எழுதச் சொன்னேன். மின்னஞ்சலில் படம் வந்தது. நான் நினைத்தபடி பெயர் மறையவில்லை. சிமெண்ட் எழுத்துகள் சிவப்புக்கு அடியிலும் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க முடிகிறது. என் மனைவி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். மறுநாள் ரம்யாவின் அடுத்த பாட்டிலைத் தானே பின்புறத் தொட்டிக்குக் கொண்டுபோய், இலைத்துணுக்கோடு நிரப்பிக் கொடுத்தாள்.

இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. மல்லிகா தனியே வருவதில்லை. ரவியோ சீனாவோ, தோழிகள் யாரோ உடன் வருகிறார்கள். பேருந்தை விட்டிறங்கி வீடு சேர்ந்ததும் எங்கள் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அது அடித்து நிற்க வேண்டும், நாங்கள் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவளுக்குக் காசு போகும். அது அடித்து நின்ற பிறகுதான் நாங்கள் படுக்கப் போகிறோம்.

நேற்று அது வரவேண்டிய வேளையில் வரவில்லை. நான் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டேன். என் மனைவி, துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள். பட்டறைக்காரருடைய காரின் நிறம் என்ன என்று தம்பியிடம் நான் கேட்டதே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. கேட்டிருக்க வேண்டும். நேரம் போயிற்று. 

மணி அடித்தது. எடுக்கக் கூடாது என்பதை மறந்து என் மனைவி பாய்ந்து எடுத்துவிட்டாள்.

"பஸ்ஸு பஞ்சரு பெரியம்மா, அதான் லேட்டு" என்றாள் மல்லிகா. "அய்யோ, எடுத்துட்டீங்களே! காசு போவுது, வையுங்க, வையுங்க!"

அவள் சிரித்தாள். நாங்கள் வைக்கவில்லை.